'பட்டம்' என்று சொன்னால் 'படம்' என்று எழுதும் பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. தமிழ்வழியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிப்பான். பாட்டும் கதையும் ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே சொல்லிவிடுவான். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துச் சொல்கிறான். 'பட்டம்' சொன்னால் 'படம்' என்றும், 'பந்து' சொன்னால் 'பது' என்றும் எழுதுகிறான். பள்ளியில் இன்னும் 'அரும்பு' என்ற தொடக்க நிலையில்தான் வைத்திருக்கிறார்கள். டியூஷனில் தப்பான சொல்லைப் பத்துப் பத்து முறை எழுத வைக்கிறார்கள், பலனில்லை. ஒலிகளைப் பிரித்துக் கேட்கும் பயிற்சி கொடுக்கச் சொன்னார் ஒருவர். அதெல்லாம் ஆங்கிலத்துக்குத்தானே? தமிழில் எழுதியபடிதானே வாசிக்கிறோம்? இது டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடா? வீட்டில் நான் என்ன செய்ய முடியும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

'படம்', 'பது' என்ற அந்த இரண்டு பிழைகளை எழுதியனுப்பினீர்களே, உங்கள் கடிதத்தில் அதுதான் மிகவும் உதவியான தகவல். அவன் ஏதோ ஓர் எழுத்தை விடவில்லை. இரண்டு முறையும் புள்ளி வைத்த எழுத்தைத்தான் விட்டிருக்கிறான். எழுத்தின் வடிவம் மறந்துபோகிற பிள்ளை இப்படிப் பிழை செய்யாது. ஒன்றுக்கு மற்றொன்றை எழுதும். உங்கள் மகனுக்கு ட் என்ற எழுத்து தெரியும். 'பட்டம்' என்ற சொல்லுக்குள் நாக்கு ஒரு கணம் நிற்பதுதான் அவன் காதில் தனியாக விழவில்லை. பத்து முறை எழுதினால் இது சரியாகாது. இரண்டாவது வரியிலிருந்து பிள்ளை மேல்வரியைப் பார்த்து வரைகிறது. காதுக்கு அங்கே வேலையே இல்லை. அந்தப் பழக்கத்தை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

தமிழுக்கு ஒலிப் பயிற்சி தேவையில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நம் எழுத்துமுறையில் அதற்கென்றே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. 'மா' ஓர் எழுத்து, ஆனால் அதற்குள் ம், ஆ என்று இரண்டு ஒலிகள். பிள்ளைக்கு அது பிரியாத ஒரே கட்டியாகத்தான் கேட்கிறது. அப்படிக் கேட்கும்வரை மா, மி, மீ, மு எல்லாம் ஒன்றோடொன்று தொடர்பில்லாத தனித்தனிப் படங்கள். நல்ல நினைவாற்றல் உள்ள பிள்ளை அத்தனையையும் வரிசையாக ஒப்பித்துவிடும், வரிசை கலைந்தால் திணறும். கன்னடக் குழந்தைகளிடம் சோனாலி நாக் செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்விலும் இதே போக்குதான் தெரிந்தது: அசையைப் பிரிக்கும் திறன் முதலில் வருகிறது, அசைக்குள் இருக்கும் தனி ஒலியைப் பிரிக்கும் திறன் மெதுவாகத்தான் வருகிறது. மற்றப் பிள்ளைகள் வாசித்து வாசித்துத் தாமாகவே அதைக் கண்டுகொள்கிறார்கள். திணறுகிற பிள்ளைக்கு யாராவது எடுத்துக் காட்ட வேண்டும்.

நம் வகுப்பறைப் பழக்கம் ஒன்றும் இந்தச் சிக்கலை வளர்க்கிறது. மெய்யெழுத்தை 'இக், இங், இச்' என்று சொல்லிக் கொடுக்கிறோம். பெயராக அது இருக்கட்டும். வாசிக்கும்போது பிள்ளை அந்தப் பெயரையே ஒலியாக எடுத்துக்கொண்டு 'ப... இட்... டு' என்று கூட்டுகிறது. அதிலிருந்து 'பட்டு' எப்படி வரும்? அதனால் கைக்கொள்ள வேண்டிய முதல் விதி: மெய்யெழுத்தைத் தனியே படிக்க வைக்காதீர்கள், முன்னெழுத்தோடு ஒட்டிப் படிக்க வையுங்கள். 'பட்-டு', 'பந்-து', 'தக்-கா-ளி', 'வா-ழைப்-ப-ழம்'. செய்யுளுக்கு அசை பிரிக்கும்போது ஒற்று என்னும் புள்ளி எழுத்தை முன்னெழுத்தோடு சேர்ப்பார்களே, ஏறக்குறைய அதே முறைதான். யாப்பிலக்கணம் மூன்றாம் வகுப்புக்கு உதவும் அபூர்வமான இடம் இது.

தொடங்குமுன் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிக் கேட்கும் திறனைச் சோதித்துவிடுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காதடைக்கும் பிள்ளைகளுக்கு மெல்லொலிகள் மங்கலாகக் கேட்கலாம். கண் பரிசோதனையும் செய்யலாம், ஆனால் கண்ணாடியோ கண் பயிற்சியோ டிஸ்லெக்சியாவுக்குச் சிகிச்சை அல்ல. அப்படிச் சொல்லி விற்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

அடுத்து, புத்தகமும் பென்சிலும் இல்லாமல் ஐந்து நிமிடம் அவனைக் கவனியுங்கள். 'தக்காளி'யைக் கைதட்டிப் பிரிக்கிறானா? 'தேங்காய்'ல 'தேங்' எடுத்துட்டா என்ன மிச்சம் என்று கேட்டால் 'காய்' என்கிறானா? 'மணி, மீன், முடி, கல்' இவற்றில் எது சேராது என்று கேட்டால் என்ன சொல்கிறான்? முதல் மூன்றும் வேறு வேறு எழுத்தில் தொடங்கினாலும் ம் என்ற ஒலி பொது. அது பிடிபட்டால் கட்டி உடையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கடைசியாக, 'டபிமு', 'கலாசுமே' போன்ற பொருளில்லாச் சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தெரிந்த சொல் என்றால் நினைவிலிருந்து எடுத்துக்கொள்வான். தெரியாத சொல்லில்தான் காது தனியாக வேலை செய்ய வேண்டும். எங்கே தடுமாறுகிறானோ அங்கிருந்து தொடங்குங்கள்.

இங்கே எச்சரிக்கை ஒன்று. பேச்சில் நாம் 'கண்' என்பதில்லை, 'கண்ணு' என்கிறோம். 'பால்' பாலு, 'மீன்' மீனு. 'மரம்' என்ற சொல்லின் கடைசி ம் பேச்சில் மூக்கொலியாகத் தேய்ந்துபோகிறது. 'கண்'ணைப் பிரிக்கச் சொன்னால் பிள்ளை 'கண்-ணு' என்று இரண்டு தட்டு தட்டினால் அது தவறல்ல. வீட்டில் கேட்டதைத்தான் தட்டியிருக்கிறான். பயிற்சிச் சொல்லை எப்போதும் வாசிப்பு நடையில் நீங்கள் ஒருமுறை தெளிவாகச் சொல்லி, அவனையும் சொல்ல வைத்து, பிறகு பிரிக்கச் சொல்லுங்கள். அதேபோல ர-ற, ந-ன குழப்பத்தையும், பல ஊர்களில் ள-ழ குழப்பத்தையும் குறைபாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். பேச்சில் பெரும்பாலோர் அவற்றை வேறுபடுத்துவதே இல்லை. அது எழுத்துக்கூட்டலை நினைவில் வைக்கும் விஷயம், பின்னால் பார்க்கலாம்.

பயிற்சிக்கு வருவோம். முதல் மூன்று வாரம் குறில்-நெடில், ஒற்று ஆகிய இரண்டை மட்டும் காதுக்குப் பழக்குங்கள். குறிலுக்கு மேசையில் விரலால் ஒரு தட்டு. நெடிலுக்கு விரலை மேசைமேல் இழுக்க வேண்டும். ஒற்று வரும் இடத்தில் கையை மூடி நிறுத்த வேண்டும். முதலில் 'கல்-கால்', 'முடி-மூடி', 'விடு-வீடு', 'எடு-ஏடு', 'கொடு-கோடு'. நீங்கள் இரண்டில் ஒன்றைச் சொல்வீர்கள், அவன் கையால் காட்டுவான். பிறகு அவன் சொல்வான், நீங்கள் காட்டுங்கள். இடையில் வேண்டுமென்றே தப்பாகக் காட்டிப் பிடிபடுங்கள், பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடிக்கும்.

ஒற்றுக்கு எந்த இணையில் தொடங்குவது என்பதில் கவனம் வேண்டும். 'கடி-கட்டி', 'குடி-குட்டி', 'படம்-பட்டம்' எளிது. ஒற்று சேரும்போது ட வல்லென்று மாறிவிடுவதால் வேறுபாடு இரண்டு வகையில் கேட்கிறது. 'புளி-புள்ளி', 'பலி-பல்லி', 'வெளி-வெள்ளி' கடினம். அங்கே ஒலியின் தன்மை மாறுவதில்லை, நீளம் மட்டும்தான் கூடுகிறது. முதல் நாளே 'புளி-புள்ளி' கேட்டுவிட்டு, பிள்ளைக்கு வரவில்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

மெல்லின ஒற்றுக்கு மூக்குதான் துணை. மூக்கின் ஓரத்தில் விரலை வைத்து 'பது' சொல்லச் சொல்லுங்கள், பிறகு 'பந்து'. இரண்டாவதில் விரலடியில் அதிர்வு தெரியும். மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னால் 'பந்து' அடைத்துக்கொள்ளும். அதிர்வு தெரிந்தால் அங்கே ஒரு புள்ளி எழுத்து இருக்கிறது. எந்தப் புள்ளி எழுத்து என்று அவன் திணற வேண்டியதில்லை, அடுத்த எழுத்தே சொல்லிவிடும்: க-வுக்கு முன் ங், ச-வுக்கு முன் ஞ், ட-வுக்கு முன் ண், த-வுக்கு முன் ந், ப-வுக்கு முன் ம், ற-வுக்கு முன் ன். 'சங்கு, பஞ்சு, வண்டு, பந்து, பாம்பு, கன்று' என்ற ஆறு சொற்களை ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். 'அன்பு', 'நண்பன்' போன்ற விலக்குகளை இந்த ஆறும் தடுமாறாமல் வந்தபின் காட்டினால் போதும்.

நான்காவது வாரம் கட்டியை உடைக்கத் தொடங்கலாம். சோவியத் உளவியலாளர் எல்கோனின் உருவாக்கிய கட்டப் பயிற்சி ஒன்று உலகம் முழுவதும் பயன்படுகிறது: சொல்லில் எத்தனை ஒலியோ அத்தனை கட்டம், ஒவ்வொரு ஒலியைச் சொல்லும்போதும் ஒரு காயைக் கட்டத்துக்குள் நகர்த்த வேண்டும். தமிழுக்கு அதைச் சற்று மாற்றிக்கொள்ளுங்கள். மெய்க்குப் புளியங்கொட்டை, உயிருக்குக் கொண்டைக்கடலை. குறிலுக்கு ஒரு கடலை, நெடிலுக்கு இரண்டு கடலையை ஒட்டி வையுங்கள். மாத்திரைக் கணக்கை அவன் படிக்காமலே கையில் வாங்கிக்கொள்வான். 'படு' என்றால் கொட்டை, கடலை, கொட்டை, கடலை. 'பட்டு' என்றால் நடுவில் கொட்டை இரண்டு. 'பாடு' என்றால் முதல் கடலை இரண்டு. 'பாட்டு' என்றால் இரண்டும் இரட்டை. நான்கு சொற்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி வைத்தால், காதால் பிடிக்க முடியாதது கண்ணுக்குத் தெரிந்துவிடும். 'பாட்டு' சொல்லின் கடைசி உகரம் இலக்கணப்படி அரை மாத்திரைதான். பிள்ளைக்கு அந்தக் கணக்கு வேண்டாம், ஒரு கடலை வைக்கட்டும். ஐ, ஔ வரும் சொற்களை இந்தக் கட்டத்தில் தொடாதீர்கள்.

மெய்யொலியைத் தனியாகச் சொல்லிக் காட்டும்போது நீட்டக்கூடிய ஒலிகளிலிருந்து தொடங்குங்கள்: 'ம்ம்ம்', 'ல்ல்ல்', 'ன்ன்ன்', 'ள்ள்ள்'. 'ம்ம்ம்ஆஆ' என்று வாயைத் திறந்துகொண்டே போனால் 'மா' தானாக வரும். நடுவில் மூச்சை விட்டு 'ம்... ஆ' என்று வெட்டினால் வராது. க், ட், த், ப் ஒலிகளை நீட்ட முடியாது. அவற்றுக்கு, 'ப் சொல்ல வாயை ரெடியா வெச்சுக்கோ, இப்ப ஆ சொல்லு' என்று உதட்டை மூட வைத்து உயிரோடு வெடிக்கச் சொல்லுங்கள்.

காய்களோடு நாள் கணக்கில் விளையாடிக்கொண்டிருக்கவும் கூடாது. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000-இல் வெளியிட்ட அறிக்கை, ஒலிப் பயிற்சியை எழுத்தோடு சேர்த்துச் செய்தால் பலன் கூடுதல் என்றும், ஒரே நேரத்தில் பல திறன்களை அள்ளாமல் ஒன்றிரண்டில் நிற்பது நல்லது என்றும், மொத்தம் 5 முதல் 18 மணி நேரம் வரையிலான பயிற்சிகளே அதிகப் பலன் தந்தன என்றும் சொன்னது. ஆங்கிலத்தை மையமாகக் கொண்ட ஆய்வுகள்தான் அவை. ஆனாலும் அளவுக்கு நல்ல வழிகாட்டி. தினம் 10 நிமிடம், வாரம் 5 நாள், 12 வாரம் என்றால் 10 மணி நேரம். அதற்குமேல் காதுக்கு மட்டும் தனிப் பயிற்சி வேண்டாம், நேரத்தை வாசிப்புக்குக் கொடுங்கள்.

எழுத்தோடு சேர்ப்பது எப்படி? ம, ல, வ, ப, ட என்ற ஐந்தும், அவற்றின் புள்ளி வடிவமும், அ, ஆ, இ, ஈ சேர்ந்த வடிவங்களும் முதலில் போதும். துணைக்கால், இகர ஈகர விலங்குகள் (எழுத்தின் மேல் வளையும் குறிகள்) ஆகியவற்றைத் தனித்தனிச் சின்ன அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். 'ம' அட்டையை அசைக்காமல் வைத்து இந்தக் குறிகளை மட்டும் மாற்றினால்: ம, மா, மி, மீ. அடுத்து துணைக்காலை அசைக்காமல் வைத்து முன்னெழுத்தை மாற்றினால்: மா, லா, வா, பா, டா. இந்த இரண்டாவது திசையைத்தான் பள்ளியில் அநேகமாக யாரும் செய்வதில்லை. உயிர்மெய் வரிசையைப் படுக்கைவாட்டில் ஒப்பிக்கும் பிள்ளை, நிறுத்திச் செங்குத்தாகக் கேட்டால் விழிக்கும். உங்கள் மகனிடமே இன்று கேட்டுப் பாருங்கள்.

இந்தச் சின்னக் கையிருப்பிலேயே எவ்வளவு சொற்கள் என்று பாருங்கள்: பால், வால், படி, மாடி, படம், பட்டம், பாடம், வட்டம், பல்லி, மாமா, பாப்பா, பாட்டி. வாக்கியமும் எழுதலாம்: 'பாட்டி வீட்டில் பாப்பா.' 'மாமா வீட்டில் பல்லி.' பள்ளிப் புத்தகத்தின் பக்கத்தை இப்போது கொடுத்தால் தெரியாத எழுத்தைத் தாண்ட அவன் மறுபடி ஊகத்துக்குத்தான் போவான். நீங்களே எழுதிய ஐந்து வரிகளில் ஊகிக்க இடமே இல்லை, படம் போடாதீர்கள்.

வாரம் இரண்டு மூன்று குறியீடுகளுக்கு மேல் சேர்க்க வேண்டாம். உகர ஊகார வடிவங்கள் மெய்க்கு மெய் மாறும் (கு, சு, து, மு என்று ஒவ்வொன்றும் ஒரு விதம்). அவை விதியில் அடங்காதவை, சும்மா பழக வேண்டியவை, ஆகவே அவசரப்படாதீர்கள். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் வேறொரு தொல்லை: கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, காதுக்குப் பின்னால் வருகிறது. 'மே' படிக்கும்போது விரலை முதலில் ம-வின் அடியில் வைத்து 'ம்' சொல்லி, பிறகு இடப்பக்கம் கொம்பைப் பார்க்கப் பழக்குங்கள். ஒ, ஓ வரிசையில் கொம்பும் காலும் இரண்டு பக்கமும் அணைத்து நிற்பதால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டி வாசிக்கும்போது இன்னொரு இடத்தில் பிள்ளை மாட்டிக்கொள்ளும். 'ப-க-ல்' என்று ஒவ்வோர் எழுத்தையும் அழுத்திச் சொன்னால் 'பக்கல்' போல ஒலிக்கும். அப்படி ஒரு சொல் அவனுக்குத் தெரியாது, உடனே ஊகிப்பான். நடுவில் தனியாக வரும் க, ச, ட, த, ப மெல்ல ஒலிக்கும் என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். 'எழுத்தெழுத்தா ஒரு தடவை, பேசுற மாதிரி ஒரு தடவை' என்று இருமுறை சொல்ல வைத்தால் போதும். காகம், நகம், கதவு, பகல் நல்ல பயிற்சிச் சொற்கள்.

ஒரு நாளின் 20 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: முதல் 10 நிமிடம் காதும் காய்களும் அட்டைகளும், அடுத்த 6 நிமிடம் நீங்கள் எழுதிய வரிகளை வாசித்தல், கடைசி 4 நிமிடம் ஐந்தே ஐந்து சொற்களைச் சொல்லி எழுத வைத்தல். எழுதுமுன் சொல்லை அவன் உரக்கச் சொல்ல வேண்டும், காய் வைக்க வேண்டும், பிறகுதான் பென்சில். 'படம்' என்று எழுதினால் அடிக்காதீர்கள், சிவப்பு மையும் வேண்டாம். 'நீ எழுதினத வாசி. நான் சொன்னது பட்டம். எங்க நாக்கு நின்னுச்சு?' என்று கேளுங்கள். விடுபட்டதை அவனே கண்டுபிடித்துப் போட்டால் அந்தச் சொல்லை மறுபடி எழுத வேண்டியதில்லை. பத்தில் எட்டு சரியாக, அடுத்தடுத்து இரண்டு நாள் வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். சோர்வாக இருக்கும் நாளில் நிறுத்திவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் உட்கார்த்தி ஈடுகட்டுவது மட்டும் வேண்டாம். ஆங்கில ஒலிப்பயிற்சியை இதே நேரத்தில் கலக்காதீர்கள். இங்கே பழகிய காது பின்னால் அதற்கும் உதவும்.

வகுப்பு ஆசிரியரிடம் இரண்டு உதவி கேளுங்கள். முன்னறிவிப்பில்லாமல் எழுப்பி உரக்க வாசிக்கச் சொல்ல வேண்டாம். மறுநாள் வாசிக்க வேண்டிய நான்கு வரியை முதல் நாளே கொடுத்தனுப்பலாம். பாடப் பொருளை அவனிடம் வாய்மொழியாகவும் கேட்கலாம். கேட்டதும் கதையைச் சொல்கிற பிள்ளைக்குப் பாடம் புரியாமல் இல்லை. 'அரும்பு' என்பது பயிற்சிப் பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கான நிலைதான், அறிவுக்குப் போட்ட மதிப்பெண் அல்ல. அந்த நிலைக்கான செயல்பாடுகளில் பல அவனுக்கு இப்போது பொருத்தமானவையே. அதிலிருந்து விடுவிக்கச் சொல்லிச் சண்டை போடாதீர்கள்.

இது டிஸ்லெக்சியாவா என்று கடிதத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. பேச்சும் புரிதலும் நன்றாக இருந்து, எழுத்தோடு ஒலியைப் பொருத்துவதில் மட்டும் தேங்குவது அதன் பொதுவான தோற்றம். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்திருந்தால் சந்தேகம் கூடும். சரியான பயிற்சியே கிடைக்காத பிள்ளையும் இதே மாதிரிதான் தெரியும். 12 வாரப் பயிற்சிக்கு அவன் எப்படிப் பதில் தருகிறான் என்பதே பாதி விடை. ஒற்றுகள் விழத் தொடங்கி, ஊகம் குறைந்தால் தொடர்ந்து போங்கள். ஒழுங்காகச் செய்தும் சொல்லிக்கொள்ளும்படி நகரவில்லை என்றால் முறையான மதிப்பீட்டுக்கு மருத்துவ உளவியலாளரிடம் போக வேண்டும். பள்ளியின் சிறப்பாசிரியர் வழியாகக் கேட்கலாம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷனும் இதற்காக இயங்குகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில், டிஸ்லெக்சியாவை உள்ளடக்கிய 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' என்பதும் ஒன்று. சான்றிதழ் பெற்றால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கேட்கும் உரிமை உண்டு.

மதிப்பீட்டுக்குப் போனால் இந்த 12 வார நோட்டையும் எடுத்துப்போங்கள். பிழைகளை அழிக்காமல், தேதி போட்டு, நீங்கள் சொன்ன சொல்லை ஓரத்தில் குறித்து வையுங்கள். எந்த வாரம் எந்த ஒற்று விடுபட்டது, எது சரியானது என்று அதிலிருந்து அவர்களால் படிக்க முடியும். அடித்துத் திருத்திச் சுத்தமாக எழுதிய நோட்டில் எதுவும் தெரியாது.